பிறப்பிலேயே வந்த நோயா?

"வெளிய வராதீங்க! யாரும் வெளிய வராதீங்க!"

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் சேரியில் ராத்திரி ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் இந்தக் குரல் கேட்கும். கத்துகிறவர் என் சித்தப்பா. வட ஆற்காட்டில் மிலிட்டரிக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. எங்கள் தெருவிலிருந்து போனவர் அவர். முதல் தடவை கத்தியபோது பொம்பளைங்க எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். ஊர்க்காரன் தடியோடு வந்துவிட்டான் என்ற பயம். அப்புறம் பழகிப்போனது. "மிலிட்டரி இன்னைக்கும் ஏத்திகினு வந்துட்டான்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

பக்கத்து ஊர் ரிட்டையர்டு ஹவில்தார் விற்கிற கேன்டீன் ரம் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. பூசாரியின் வேப்பிலை அடி கிடைத்தது. டாக்டர் மட்டும் கிடைக்கவில்லை.

1981இல் சேர்ந்தவர். 1990இல் 'மெடிக்கல்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் கிடையாது. நான் எம்.ஏ. முடித்து ஊருக்கு வந்தபோது தகரப்பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். "பென்ஷன் இல்லன்னு தெரியும். ஏன்னு எழுதிகிறான், அதப் படி."

இங்கிலீஷில் ரெண்டு வரி. படைச் சேவையால் வந்த நோயல்ல, சேவையால் அதிகமானதுமல்ல, உடலமைப்பிலேயே உள்ள கோளாறு. தமிழில் சொன்னேன்.

"பொறப்புலயே வந்துச்சின்னு எழுதிகிறானா?"

"ஆமா சித்தப்பா."

"அதத்தானடா ஊர்லயும் சொல்றான்."

நான் படித்த எந்தப் புத்தகமும் இதற்குப் பதில் சொல்லவில்லை. சாதி சொல்கிறது: நீ தாழ்ந்தவன், காரணம் உன் பிறப்பு. மருத்துவக்குழு சொல்கிறது: நீ உடைந்தவன், காரணம் உன் உடம்பு. ரெண்டு இடத்திலும் அடித்தவன் தப்பித்துக்கொள்கிறான்.

ஆளெடுக்கும்போது மார்பை அளந்தார்கள், ஓடவிட்டார்கள், கண்ணைப் பார்த்தார்கள், நல்ல உடம்பு என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத்தான் கேட்டது. சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால் அது சேவையால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்றது. ஆனால் 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோயை ஆளெடுப்பின்போது கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி ஊன ஓய்வூதியத்தை மறுத்தது. கால் போனவனுக்கு ஒரு நியாயம், மனம் போனவனுக்கு ஒரு நியாயம். 2025இல் ராஜுமோன் வழக்கில், காரணம் எழுதாத மருத்துவக்குழு அறிக்கையை வைத்து ஒரு மனநோயாளிச் சிப்பாயின் உரிமையைப் பறிக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அவர் படையிலிருந்து அனுப்பப்பட்டது 1998இல். வழக்காட முடிந்தவருக்கு இருபத்தேழு வருசம் கழித்து நியாயம் கிடைத்தது. தகரப்பெட்டியில் காகிதத்தைப் பூட்டி வைத்தவர்களுக்கு?

முன்னாள் படைவீரர்களுக்கு 2003இல் மருத்துவத் திட்டம் வந்தது. பொதுவாக அது பென்ஷன்காரர்களுக்குத்தான். நோயால் வேலை போனவனுக்கு, வேலை போனதால் பென்ஷன் இல்லை, பென்ஷன் இல்லாததால் வைத்தியம் இல்லை.

ஏன் போனீர்கள் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி படையில் சுபேதார். 1890களில் மகார்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் நிறுத்தியபோது, வாசலைத் திறக்கச்சொல்லி அந்த மக்கள் மனுப்போட்டார்கள். சம்பளமும் பள்ளிக்கூடமும் காலுக்குச் செருப்பும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தன. சித்தப்பா பூட்ஸ் போட்டு நடந்ததும் படையில்தான். லீவில் வந்தால் ஊர்த்தெரு முனையில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்.

வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் போராடியதால்தான் 1980இல் அவர்களுடைய நோய்க்குப் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் மருத்துவ நூலில் ஏறியது. பெரிய வெற்றிதான். ஆனால் அன்றைய வரையறையில் ஒரு நிபந்தனை இருந்தது: மனிதரின் வழக்கமான அனுபவத்துக்கு அப்பாற்பட்ட சம்பவமாக அது இருக்கவேண்டும். யாருடைய வழக்கம்? ராத்திரியில் ஒரு குரல் கேட்டதும் கதவைச் சாத்துவது வழக்கமாகிப்போன தெருவில் எது அப்பாற்பட்டது? அந்த நிபந்தனையைப் பின்னால் எடுத்துவிட்டார்கள். நம் ஆஸ்பத்திரி மேசைகளில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. "உங்க ஆளுங்க குடிப்பாங்க, அதான்" என்று ஒரு டாக்டர் என்னிடமே சொன்னார்.

சித்தப்பா சாவதற்கு முந்தின வருசம் ஒரு நாள் குடிக்காமல் சொன்னார். 1987 கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்தாராம். தமிழ் தெரியும் என்பதால் வீடு சோதனை போடும்போது அவரை முன்னால் நிறுத்துவார்கள். "ஒண்ணும் பண்ணமாட்டாங்க, வெளிய வாங்கன்னு நான்தான்டா கூப்புட்டேன். என் தமிழ நம்பி ஒரு கெழவி கதவத் தொறந்துச்சி. அது பேரனத் தூக்கிகினு போய்ட்டாங்க."

அந்த அக்டோபரில்தான் இந்தியப் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணின் காயத்தை அங்கிருந்தே பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அதற்கு 'மனவடு' என்ற சொல்லை வைத்தார். கே.ஏ.குணசேகரன் தன் வாழ்க்கையை எழுதி 2005இல் வைத்த தலைப்பும் 'வடு'.

அந்தக் கிழவியின் வடுவையும் சித்தப்பாவின் வடுவையும் ஒரே தராசில் வைக்கமுடியுமா? முடியாது. அவர் துப்பாக்கியின் பக்கம் நின்றவர். அப்படியானால் அவருக்கு வைத்தியம் கேட்கும் உரிமை இல்லையா? உண்டு. வைத்தியம் பாவமன்னிப்பு அல்ல. வியட்நாம் சிப்பாய்களுக்கு மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே 1994இல் எழுதினார்: அதிகாரத்தில் இருப்பவன் நியாயத்துக்குத் துரோகம் செய்கிறபோதும் சிப்பாயின் மனம் உடைகிறது. இது நோயைவிடப் பெரிய விஷயம். மாத்திரை தூக்கம் தரும். நடந்ததைச் சொல்ல ஒரு இடமும், கேட்க ஒரு ஆளும் மாத்திரையில் கிடைக்காது. செய்யவைத்தவன் பெயரைச் சொல்லாமல் செய்தவனை மட்டும் பிறவி நோயாளி ஆக்குகிற வைத்தியம், அந்தக் கிழவியையும் சேர்த்துத்தான் மறைக்கிறது.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எல்லோருக்கும் அரசு நடத்துகிற அல்லது அரசு நிதி தருகிற சேவைகளில் மனநல வைத்தியம் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. அதைச் சேரிவரை கொண்டுவரச் சண்டை போடவேண்டும். பழைய காகிதங்களைத் திறந்து மறுபடி விசாரிக்கச் சொல்லவேண்டும். இதெல்லாம் அரசிடம் கேட்பது. நம்மிடம் கேட்கவேண்டியதும் ஒன்று இருக்கிறது. கல்லூரி நாட்களில் ஈழத்துக்காகக் கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சித்தப்பாவோடு சேர்ந்து சாப்பிட உட்காராதவன் நான். 'அரசின் கூலி' என்று அவர் காதுபடச் சொல்லியிருக்கிறேன். ஊர் 'குடிகாரன்' என்றது, பட்டாளம் 'பிறவிக் கோளாறு' என்றது, நான் 'கூலி' என்றேன். என்ன நடந்தது என்று மூன்று பேருமே அவரைக் கேட்கவில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். இன்று ராத்திரி அவர் கத்தினால் திரும்பிப் படுக்காதீர்கள். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.