தப்பிய விபத்தும் தப்பாத பொறுப்பும்

மட்டக்களப்பு விமான நிலையம் வாவியை அடுத்துத் திமிலைதீவில் அமைந்துள்ளது. அதன் அண்மையில் இளைஞர் இருவர், வாவியின் எழிலைப் படம்பிடிக்கும் ஆவலால், அனுமதி பெறாது, வெவ்வேறு நாள்களில் ட்ரோன் எனும் ஆளில்லாச் சிறுவிமானத்தைப் பறக்கவிடுகின்றனர் எனக் கொள்வோம். முதல்வனது ட்ரோன், தரையிறங்கும் பயணிகள் விமானத்தை மயிரிழையில் விலகிச் செல்கிறது. மற்றவனது ட்ரோன் மோதுகிறது, பலர் உயிரிழக்கின்றனர். செயல் ஒன்று, கவனயீனமும் ஒன்று, விளைவு மட்டுமே வேறு. இருவரும் ஒரே அளவு குற்றவாளிகளா?

இவ்வினா வெறுங் கற்பனையிற் பிறந்ததன்று. 2017 ஒக்டோபர் 12ஆந் திகதி, கனடாவின் கியூபெக் நகரில் இறங்கவிருந்த சிறிய பயணிகள் விமானமொன்றின் இறக்கையில் ட்ரோன் மோதியது. அதிலிருந்த எண்மரும் பத்திரமாகத் தரையிறங்கினர். அவர்களைக் காத்தது ட்ரோனை இயக்கியவரின் நல்லொழுக்கமா? அன்று, மோதல் நிகழ்ந்த விதமே.

நல்லெண்ணத்தின் மதிப்பு விளைவைப் பொறுத்ததன்று என்பது கான்ற் என்னும் ஜேர்மானிய மெய்யியலாளரின் கொள்கை. ஆயின், நம் தீர்ப்புகளோ விளைவையே பெரிதும் பற்றி நிற்கின்றன. இம்முரண்பாட்டையே பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இருவரும் 1976இல் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்னும் பெயரால் ஆராய்ந்தனர்.

உயிரிழப்புக்குக் காரணமானவனைச் சட்டம் கடுமையாகத் தண்டிப்பது முறையே எனலாம். இழந்தோரின் துயருக்கு விடையிறுக்கும் கடமை அதற்குண்டு. மற்றவன் வாழ்நாள் முழுதும் சுமக்கும் வேதனையும் முதல்வனுக்கு இல்லை. எனினும், இவை இழப்பினதும் ஈட்டினதும் வேறுபாடுகளேயன்றித் தவறின் வேறுபாடுகளல்ல. பிறருயிரைப் பணயம் வைத்த கணத்திலேயே இருவரது தவறும் முழுமை பெற்றுவிட்டது.

ஆதலின், “ஒன்றும் நடக்கவில்லையே” என்பது முதல்வனுக்கு விடுதலையாகாது. விமானத்துறை விபத்துகளை மட்டுமன்றி, விபத்தாகாது தப்பிய பாரதூரமான சம்பவங்களையும் விசாரணைக்கு உட்படுத்துகிறது. மனச்சாட்சிக்கும் அவ்வொழுங்கு வேண்டற்பாலது. தன் செயலைத் தானே வெளிப்படுத்தி, மீண்டும் செய்யாதிருத்தலே முதல்வனது கடன்.

கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளைக் கட்டுமீறி ஓட்டி, எவரையும் மோதாது வீடு சேர்ந்தவர் நம்மிடையேயும் உளர். அவர்கள் பெற்றது நற்பேறு, நற்சான்றிதழன்று.