கடைசியாகத் தொட்டது யார்?

பத்து வயதைத் தாண்டிய டெஸ்க்டாப் கணினி திடீரென்று அணைந்துபோனால், வீட்டில் எழும் முதல் கேள்வி "என்ன ஆச்சு?" என்பதல்ல. "கடைசியா யாரு தொட்டது?" என்பதுதான். பெரும்பாலும் அது கேம் விளையாடிக்கொண்டிருந்த கடைக்குட்டியாக இருக்கும். "அந்தக் கேமை ஏத்தினதுலேர்ந்துதான் இப்படி" என்று தீர்ப்பும் கையோடு வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பு முழுப் பொய் இல்லை. சிக்கலே அங்குதான். கேம் ஓடும்போது புராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் அதிக மின்சாரம் கேட்கும். பவர் சப்ளையால் கொடுக்க முடியாவிட்டால் கணினி அணையும். கேம் ஓடாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அணைந்திருக்காது. ஆனால் பவர் சப்ளைக்குள் சின்னச் சின்ன டின்களைப் போல நிற்கும் கெப்பாசிட்டர்கள் பல வருஷமாக உள்ளுக்குள் உலர்ந்துகொண்டே வந்திருக்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. தூசி அடைத்த விசிறி, சுவரோடு ஒட்டித் தள்ளிய பெட்டி, நம் ஊர்ப் புழுக்கம் எல்லாமே அந்த உலர்தலில் பங்காளிகள். சில சமயம் பழுது தொழிற்சாலையிலிருந்தே கூட வரும். 2000களின் முதல் பாதியில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் ஏராளமான மதர்போர்டுகளில் புகுந்து, வாங்கிய சில வருஷங்களிலேயே தலை வீங்கிக் கசிந்தன. பயன்படுத்தியவர்கள் செய்த தவறு அதில் எதுவும் இல்லை.

அப்படியென்றால் எது காரணம்? ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தர்க்க நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். ஒரு விளைவின் காரணம் என்பது அதற்குத் தேவையான எல்லா நிலைமைகளின் மொத்தத் தொகை. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து 'இதுதான் காரணம்' என்று பெயர் சூட்டுவது நம் வசதிக்காக. நாம் பெரும்பாலும் எடுப்பது கடைசியாக வந்து சேர்ந்ததைத்தான்.

கணினியைப் பழுது பார்ப்பவர் இந்த அவசரத்துக்கு எதிராக ஒரு ஒழுக்கத்தைப் பழகிக்கொள்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது. பிறகு ஸ்லாட்டை மாற்றிப் பார்ப்பது. பவர் சப்ளையைத் திறந்து பார்ப்பது ஆபத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் நன்றாக ஓடும் இன்னொன்றை மாட்டித்தான் சோதிக்க வேண்டும்.

புது ரேம் போட்டதும் சரியாப் போச்சு என்றாலும் வேலை முடியவில்லை. பழைய ரேமையே மறுபடியும் மாட்டிப் பார்க்க வேண்டும். இப்போதும் ஓடினால் பழுது ரேமில் இல்லை. கழற்றி மாட்டியதில் முனைகளில் படிந்த அழுக்கு உரசிப் போயிருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். காக்கையைக் குற்றம் சொல்வதற்கு முன்பு அதை இன்னொரு தடவை உட்காரவைத்துப் பார்ப்பதே நியாயம்.

மனிதர்கள் விஷயத்தில் நாம் அந்த இரண்டாம் தடவையைக் கொடுப்பதில்லை. தொழிற்சாலையில் ஏதாவது பழுதானால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒருமையில். காலியாக விடவும் முடியாது. 'ஆப்பரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினால் அந்தக் கட்டம் நிறைந்துவிடும். இரவு ஷிஃப்டில் கடைசியாகப் பட்டனை அழுத்தியவர் வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் இன்னும் சுலபம். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்துப் பார்க்கப்போவதில்லை. எட்டு மாதமாகத் தள்ளிப்போன பராமரிப்பு அந்தக் கட்டத்துக்குள் வராது.

"எல்லாமே காரணம்னா யாருக்குமே பொறுப்பு இல்லைன்னு ஆயிடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரணத்தையும் பொறுப்பையும் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்பதற்குப் பதிலாக, இந்த நிலைமைகளில் யாரால் எதை முன்பே மாற்றியிருக்க முடியும் என்று கேட்கலாம். விசிறியைத் துடைத்திருக்கக்கூடியவர் யார்? பத்து வருஷப் பவர் சப்ளையை மாற்றப் பணம் கையில் வைத்திருந்தவர் யார்? இப்படிக் கேட்டால் பொறுப்பு காணாமல் போவதில்லை, ஆனால் கைமாறுகிறது. பெரும்பாலும் சின்னவர்களிடமிருந்து பெரியவர்களுக்கு, பட்டனை அழுத்தியவரிடமிருந்து பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு. முதல் கேள்வியையே நாம் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"ரேமைக் கழற்றித் துடைச்சு மாட்டினேன், இப்ப ஓடுது. ஆனா அதுதான் பிரச்சினையான்னு இன்னும் உறுதியா சொல்ல முடியல, ரெண்டு வாரம் பாருங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவருக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். "மதர்போர்டு போச்சு பாஸ்" என்று அடித்துச் சொல்பவரிடம் நிம்மதியாகப் பணத்தைக் கொடுக்கிறோம். தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளந்து சொன்னவர் முதலாமவர்தான். பழைய கணினியை மட்டுமல்ல, யார்மீதாவது பழி விழக்கூடிய எந்த விஷயத்தையும் நான் அவரிடம்தான் கொடுப்பேன்.