‘வந்தார்’ என்பதும் ‘வந்தான்’ என்பதும்

அய்யா துணை

ஒரு வீட்டில் காலை நேரம். குழந்தை வாசலிலிருந்து, “அப்பா, குப்பைக்காரன் வந்திருக்கான்” என்று கூவுகிறது. சற்று முன்புதான் அதே குழந்தை, “டீச்சர் போன் பண்ணாங்க” என்று பணிவாகச் சொன்னது. வாசலில் நிற்பவருக்கோ அதன் தாத்தாவின் வயது.

யாருக்கு ‘வந்தாங்க’, யாருக்கு ‘வந்தான்’ என்று அந்தக் குழந்தைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே அது கற்றுக்கொண்டது. “மூத்தவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும்” என்று பெற்றோர் சொன்னது ஒன்று. அதன் காதில் தினமும் விழுந்தது வேறொன்று. மரியாதை வயதுக்கு அல்ல, பதவிக்கும் பணத்துக்கும்தான் என்பதே அது படித்த பாடம்.

இது சிறு பிழைதானே என்று அன்புக்கொடி மக்கள் கடந்துபோக முடியாது. அன்றைய திருவிதாங்கூரில் மரியாதை கீழிருந்து மேலே மட்டுமே போனது. புலையர் மக்கள் மேல்சாதியார் முன் ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தங்கள் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளைகளையே குரங்கு, கன்று என்று குறிப்பிட வேண்டும் என்றிருந்த கொடுமையை, 1871-இல் வெளியான நூலில் சாமுவேல் மெட்டீர் பதிவு செய்துள்ளார். அவர்கள் வாயிலிருந்து வந்தது பணிவான சொல்தான். ஆனால் அதில் இருந்தது மரியாதை அல்ல, பயம்.

அந்தப் பயத்தைத்தான் அய்யா வைகுண்டர் போக்கினார். தலைப்பாகை கட்ட உரிமையற்றிருந்தவர்களைத் தலைப்பாகையோடு நின்று வணங்கச் செய்தார். பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதில் தன் முகத்தைக் காண்பவர், இறைவன் தன்னுள் இருப்பதை உணர்கிறார். அதே இறைவன் பக்கத்தில் நிற்பவருக்குள்ளும் இருக்கிறார். இதை உணர்ந்து கூறும் ‘நீங்கள்’ என்ற சொல்லே உண்மையான மரியாதை.

அப்படியானால் தாயை ‘நீ’ என்று அழைக்கும் பிள்ளை தவறு செய்கிறதா? பல வீடுகளில் தகப்பனார் ‘வந்தாங்க’, தாயார் ‘வந்தா’. பக்தன் இறைவனையும் ‘நீ’ என்றுதான் உருகி அழைக்கிறான். நெருக்கத்தில் வரும் ‘நீ’ குற்றமில்லை. ஆனால் தகப்பனார் தாயாரை ‘வாடி, போடி’ என்று இழிவாகப் பேசும் வீட்டில், பிள்ளையின் ‘நீ’யிலும் அந்த இழிவு வந்து ஒட்டிக்கொள்ளும். சொல் ஒன்றுதான், அதைச் சொல்லும் மனம் வேறாகிவிடுகிறது.

மரியாதை என்பது வாய்மூடிக் கிடப்பதும் அல்ல. “அப்பா, நீங்க சொன்னது சரியில்லையே” என்று ஒரு பிள்ளை தாழ்ந்த குரலில் சொன்னால், அது எதிர்த்துப் பேசுவதாகாது. அடிக்குப் பயந்து தலையாட்டும் பிள்ளை, அடிக்க முடியாதவர்களிடம் ஒரு நாள் தன் ஆத்திரத்தைக் காட்டும். மூப்பில் தளர்ந்த பெற்றோரும் அந்த வரிசையில் சேர்ந்துவிடலாம்.

குமரி மாவட்டத்து வீடுகளில் ஒற்றைப் பிள்ளையைக்கூட ‘மக்களே’ என்று வாஞ்சையோடு அழைப்பார்கள். முன்னோர் சிலருக்குத் தம் பிள்ளைகளைக் குரங்கு என்று சொல்ல வேண்டியிருந்த அதே மண்ணில் ஒலிக்கும் சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, தானும் மதிக்கப்படுகிறவன் என்று அறிகிறது. மதிக்கப்பட்டவருக்கே மதிக்கத் தெரியும்.

ஆகவே குழந்தையைத் திட்டித் திருத்துவது முதல் வேலையல்ல. நாளை காலை அந்தப் பெரியவர் வாசலுக்கு வரும்போது தகப்பனார் எழுந்து சென்று, “வாங்கண்ணே, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்கட்டும். அடுத்த நாள் குழந்தை கூவும்: “அப்பா, தாத்தா வந்திருக்காங்க!”

அய்யா உண்டு.