பால்மரத்துப் பேனா

மலேசியாவின் ஆயர் ஈத்தாமுக்கு வருகிறவர்கள் மண்பாண்டம் வாங்கிப் போவார்கள். என் சட்டைப் பையில் இருப்பதோ ரப்பர் மரத்தைக் கடைந்து செய்த மைப்பேனா. சரஸ்வதி பூஜைக்கு அதைப் புத்தகங்களோடு அடுக்கியபோது மகன் கேட்டான்: "பற்று கூடாதுன்னு சொல்ற சைவர்தானே நீங்க? இதுமேல மட்டும் ஏம்பா இவ்வளவு பாசம்?"

நியாயமான கேள்வி. ரப்பர் மரங்களில் பால் வெட்டித்தான் அம்மா எங்களை வளர்த்தார். இருபத்தைந்து, முப்பது ஆண்டில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அது விறகு, அவ்வளவுதான். வெட்டிய சில நாளில் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவி, 1980களில்தான் நாற்காலி, மேசைக்கு ஏற்றுக்கொண்டார்கள். பேனாவிலும் மை மரத்தைத் தொடுவதில்லை. உள்ளே தனிக்குழல் உண்டு. விரலில் படுவது மட்டுமே மரம். பிளாஸ்டிக்கும் எழுதும், மலிவாகவே எழுதும்.

சைவ சித்தாந்தம் மாயையை வெறும் பொய்த்தோற்றம் என்று தள்ளுவதில்லை. அது உயிரைப் பிணைக்கும் மும்மலங்களில் ஒன்றுதான். ஆனாலும் உடலும் கருவிகளும் உலகும் அதிலிருந்தே வருகின்றன. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குச் சிறிதளவு அறிவு துலங்க உதவுகின்றன. ஆகவே பேனாமேல் குற்றமில்லை. "என்னுடையது, யாருக்கும் தரமாட்டேன்" என்கிற இடத்தில்தான் ஆணவம் இருக்கிறது. (மகன் இரவல் கேட்டுத்தான் இந்த விசாரணையே தொடங்கியது.)

பேனாவைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பூஜையில் வைப்பதுகூட ஒரு நாளுக்குத்தான். விஜயதசமியன்று எடுத்து எழுதியாக வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒன்று சும்மா கிடந்தால், மை ஊற்றுங்கள்.