முகவரி இல்லாத படம்

ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் வருபவர்களில் பலருக்கு, தெற்கே ஒரு மணித்தியாலத்துக்குள் காரில் போய்விடக்கூடிய ஆர்ன்ஸ்பேர்க் காட்டில் காட்டுப்பூனை வாழ்வது தெரியாது. பார்த்தால் சாம்பல் நிற வீட்டுப்பூனை போலிருக்கும். தடித்த வாலில் உள்ள கருவளையங்களும் மொட்டையான கரிய நுனியுமே அடையாளம். ஜேர்மனியின் பாலூட்டிகளுக்கான 2020ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியலில் அது ஆபத்துக்குள்ளான இனம். அதைக் காண்பதே அரிது. தற்செயலாகக் கண்டுவிட்டால் படம் எடுக்கலாமா, எடுத்ததைப் பகிரலாமா?

"துவக்கால் சுடவில்லையே, படம்தானே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காணாத உயிர்மீது இரக்கம் பிறப்பது கடினம்; படம் அதைப் பிறப்பிக்கிறது. ஆனால் படத்தோடு இன்னொன்றும் போகிறது. என் தொழில் தகவல் தொழில்நுட்பம். கைத்தொலைபேசியில் இட அமைவு திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் படக்கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும்.

இடம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் நாட்டின் யால காடே சாட்சி. சிறுத்தை தென்பட்டதும் சாரதிகள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்ல, ஜீப்புகள் வந்து பாதையை அடைத்து நிற்கும். ஒவ்வொருவரும் எடுப்பது ஓரிரு படங்கள்தான். சிறுத்தைக்கு அது முற்றுகை.

ஆர்ன்ஸ்பேர்க்கில் அவ்வளவு கூட்டம் சேராது. ஆனால் தாய்ப்பூனை குட்டிகளை மரக்குவியலுக்குள் விட்டுவிட்டு வேட்டைக்குப் போகும். தனியே கிடப்பவற்றை அநாதை வீட்டுப்பூனைகள் என்று நினைத்துத் தூக்கிச் செல்வோர் உண்டு. அங்கே இரண்டு பேர் வந்தாலே அதிகம். ஆய்வாளர்கள்கூட வலேரியன் வாசம் தடவிய சொரசொரப்பான மரக்கோலை நட்டுவிட்டு விலகிவிடுகிறார்கள். பூனை வந்து உரசும்போது ஒட்டும் மயிரிலிருந்து அதன் மரபணுவை அறிகிறார்கள்.

எங்களுக்கு இது அந்நியமான விடயமல்ல. எண்பதுகளில் இங்கு தஞ்சம் கேட்டு வந்தவர்களில் பலர் ஊருக்குப் படம் அனுப்பினார்கள். முகவரியை மட்டும் ஆளறிந்தே கொடுத்தார்கள்.

காட்டுப்பூனைக்கும் அதையே செய்யலாம். தூரத்திலிருந்து எடுத்த படத்தை, இடத்தரவை நீக்கிவிட்டுப் பகிரலாம். சரியான இடத்தை ஆய்வாளரிடமோ வனத்துறையிடமோ மட்டும் சொல்லலாம். குட்டிகள் கிடக்கும் மரக்குவியல் என்றால் கமராவை எடுக்காமலே விலகிவிட வேண்டும். அந்த விலகலுக்கு எந்த விருப்பக்குறியும் விழாது. கூட வந்த பிள்ளைகள்தான் "ஏனப்பா எடுக்கவில்லை?" என்று கேட்பார்கள். தாய் திரும்பி வரவேண்டும் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும்.