தணுப்பு

கடியப்பட்டணத்தில் குளிர் கிடையாது. மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வள்ளியாறு கடலில் சேருகிற பக்கமிருந்து ஈரக்காற்று வரும், வேன் கண்ணாடியில் உப்பும் பனியும் சேர்ந்து படியும். அவ்வளவுதான். அதனால் என் டிரைவர் தம்பி, "தணுப்புல ரெண்டாம் கியர் விழமாட்டேங்குண்ணே. மணவாளக்குறிச்சி தாண்டிட்டா சரியாப் போவுது" என்று சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "நம்ம ஊர்ல ஏதுலே தணுப்பு? நீ ஊட்டியிலயா வண்டி ஓட்டுக?"

வேனுக்குள் அலுமினியச் சருவங்களோடு உட்கார்ந்திருந்த அக்காமாரும் சிரித்தார்கள். கரையில் ஏலம் எடுத்த சாளையையும் நெத்திலியையும் திங்கள்சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள். இருபது வருஷப் பழைய டீசல் வேன். அது அவர்களுக்கு வாகனம், எனக்குச் சோறு.

நான் முடிவு செய்துவிட்டேன்: கிளட்ச் போயிருக்கிறது, இவன் எந்நேரமும் அதன்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் புது கிளட்ச் பிளேட் போட்டேன். செலவில் பாதியை அவன் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடித்தேன். அப்புறமும் காலையில் கியர் அதே மாதிரிதான் இறுகியது. ஒருநாள் அந்த அக்காமார் முன்னால் வைத்தே, "கைப்பதம் இல்லாதவனுக்கு எந்த வண்டியக் குடுத்தாலும் இப்படித்தான்" என்றேன். அடுத்த வாரம் அவன் சாவியைக் கொடுத்துவிட்டு, கொச்சியிலிருந்து கிளம்பும் விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போய்விட்டான்.

வேனை நானே எடுத்தேன். காலை நாலரை மணி. ரெண்டாம் கியர் எனக்கும் விழவில்லை.

வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். "ராத்திரி இங்கேயே கிடக்கட்டும், ஆறுன வண்டியைத்தான் பாக்கணும்" என்றார். காலையில் முதலில் என்ஜினைப் போடாமலே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற இணைப்புகள் கடற்காற்றில் துருவேறி இருந்தால் அப்போதே இறுகியிருக்கும். இறுகவில்லை. பிறகு என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து எண்ணி, ரிவர்ஸ் போட்டார். கிளட்ச் சரியாக விடவில்லை என்றால் அங்கே கரகரவென்று அரைக்கும். சத்தமே இல்லை. "கிளட்சு மேல குத்தம் இல்ல" என்றார். அப்புறம் ஓட்டிப் பார்த்தார். ஒன்றிலிருந்து ரெண்டுக்கு மாற்றும்போது முரண்டு பிடித்தது. சில கிலோமீட்டர் போனதும் இளகிவிட்டது.

திரும்பி வந்து கியர்பாக்ஸ் ஆயிலைத் திறந்துவிட்டார். பாணி மாதிரி இறங்கியது. விரலில் தொட்டு வெயிலில் காட்டினார், பித்தளைத் தூள் மினுங்கியது. "இது 140 ஆயிலு. இதுல யாரு ஊத்தச் சொன்னது?"

நான்தான். ஒரு வருஷம் முன்னால் கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பித்திருந்தது. "சத்தம் கேக்காம இருந்தாப் போதும்" என்று இன்னொரு இடத்தில் சொன்னேன். கெட்டி ஆயிலை ஊற்றினார்கள். சத்தம் அடங்கியது, எனக்குச் சந்தோஷம்.

கியர் மாற்றும்போது சிங்க்ரோ வளையம் என்ற பித்தளை வளையம் ஒன்று, வேறுவேறு வேகத்தில் சுற்றுகிறவற்றை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். உரச வேண்டுமென்றால் நடுவிலிருக்கிற ஆயில் படலம் விலக வேண்டும். 40 டிகிரி சூட்டில்கூட 140 ஆயில் 90 ஆயிலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. ஆறிக்கிடக்கும்போது இன்னும் மோசம். வளையம் அதை வழிக்க முடியாமல் வழுக்கும், கியர் உள்ளே போக வழிவிடாது. ஓடி ஓடிச் சூடேறினால்தான் படலம் இளகும். தணுப்பு என்பது ஊட்டியில் இருக்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்குக் கடியப்பட்டணமும் தணுப்புதான்.

இப்போது யோசித்தால், தம்பி சொன்ன அந்த ஒரு வரியில் எல்லாமே இருந்தது. பழுது எப்போது வருகிறது, எப்போது போகிறது. மெக்கானிக் ஒரு ராத்திரி காத்திருந்து கண்டதை அவன் தினமும் கண்டு என்னிடம் சொல்லியிருக்கிறான். நான் கிளட்சைத் தேர்ந்தெடுத்தது இயந்திர அறிவால் அல்ல. கிளட்ச் தேய்ந்தால் ஓட்டுகிறவன் காலைக் காட்டலாம். ஆயில் தப்பென்றால் வண்டிக்காரனைக் காட்ட வேண்டிவரும். காரணத்தைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு நான் ஆளைத் தேடியிருக்கிறேன்.

தமிழில் 'குற்றம்' என்ற சொல்லே இரண்டு பக்கமும் பார்க்கும். பொருளில் இருக்கிற குறையும் குற்றம், மனிதன் செய்கிற தப்பும் குற்றம். மருந்து அதிகாரத்தின் 948-ஆம் குறளில் நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் வரிசையாக 'நாட'ச் சொல்கிறார் வள்ளுவர். ஆளைத் தேர்ந்து தெளிகிற 504-ஆம் குறளிலும் அதே 'நாடி'தான் வருகிறது. அங்கே குற்றத்துக்கு முன்னால் குணத்தை நாட வேண்டும். நான் குற்றத்தைக்கூட நாடவில்லை, தீர்ப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

தம்பி மேலும் பிழை உண்டு. விழாத கியரை அவன் பலமாகத் தள்ளினான், அந்தப் பித்தளைத் தூளில் அவன் கைக்கும் பங்கு உண்டு. ஆனால் சந்தையில் விலை விழுமுன்னே போய்ச் சேர வேண்டும் என்று அக்காமார் அவசரப்படுத்தினார்கள். "எங்கலே நிக்க?" என்று நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். இப்படிக் காரணத்துக்குக் காரணம் தேடிப் போனால் கடைசியில் யாருமே தப்புச் செய்யவில்லை என்று ஆகிவிடாதா? ஊற்றியவர் நான் கேட்டதால் ஊற்றினார். நான் சத்தம் பொறுக்காமல் கேட்டேன். சத்தம் வண்டியின் வயசு. கொஞ்ச நாள் இந்த நினைப்பில் வசதியாகப் படுத்துக்கிடந்தேன்.

அது சரிவரவில்லை. 140 ஆயில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, அந்த அறியாமையை மன்னித்துவிடலாம். ஆனால் என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து ரிவர்ஸைப் போட்டுப் பார்க்க அரை நிமிஷம் போதும், காசு செலவில்லை. நான் நினைத்தது தப்பென்று அந்த அரை நிமிஷம் காட்டியிருக்கக்கூடும். ஒருவன் கூலியையும் பேரையும் எடுக்குமுன் அதைக்கூட நான் கொடுக்கவில்லை. ஆயிலால் பதில் சொல்ல முடியாது, என்னால் முடியும். அதனால் இந்தக் காரணச் சங்கிலி எங்கே போய் முடிந்தாலும் என் பங்கு என்னிடமேதான் நிற்கிறது.

வண்டிக் கையேட்டில் போட்டிருக்கிற கிரேடு ஆயிலை ஊற்றியாயிற்று. இறுக்கம் பெரும்பாலும் போய்விட்டது. தேய்ந்த வளையம் தேய்ந்ததுதான். ஊளையும் திரும்பிவிட்டது, கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.

கிறிஸ்மஸுக்குத் தம்பி ஊருக்கு வந்தான். பிடித்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். எண்ணிப் பையில் வைத்தான். "சரிண்ணே. அக்காமார்ட்ட சொன்னியளா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலத்த, வேனைக் கிளப்புவதற்கு முன்னால் திரும்பி உட்கார்ந்து சொன்னேன். தப்பு அவன்மேல் இல்லை, நான் ஊற்றச் சொன்ன ஆயில்மேல் என்று. சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அவன் அண்ணைக்கே சொன்னாம்லா மக்கா, தணுப்புண்ணு."