பழைய உடலும் புதிய உபதேசமும்

புனே நகரின் சதாசிவ பேட்டில், எங்கள் கூடத்து அலமாரியின் மேல் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் பழைய ரூட்டரைப் புதிய வைஃபை தரத்திற்கு உயர்த்த இயலுமா என்று என் மகன் ஒருநாள் வினவியபோது, அது யந்திரத்தைப் பற்றிய கேள்வியாக மட்டுமின்றி, தேகத்திற்கும் சம்ஸ்காரத்திற்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய கேள்வியாகவும் எனக்குத் தோன்றிற்று.

802.11என் என்னும் தரம் 2009-ஆம் ஆண்டில் இறுதி வடிவம் பெறுமுன்பே, அதன் முன்வரைவை நம்பிச் செய்யப்பட்ட ரூட்டர்களிற் பல, உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பித்த மாத்திரத்திலேயே அத்தரத்திற்கு உரியவையாயின. வேண்டிய ரேடியோ சில்லும் ஆன்டெனாக்களும் அவற்றிற்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தன. அவை வாய்க்காத 802.11ஜி ரூட்டருக்கோ, எத்தனை உபதேசம் செய்தாலும் பயனில்லை.

ஆயின், பழையது யாவும் தள்ளத்தக்கதுதானோ? புனேக்கு வடக்கே, நாராயண்காவை அடுத்த கோடத்தில், தலைக்கு 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களை வானுக்கு ஏந்தி நிற்கும் ரேடியோ தொலைநோக்கியில், கிண்ணங்களை அப்படியே நிறுத்தி, ஏற்பிகளையும் மின்னணுச் சாதனங்களையும் புதுப்பித்தனர். ஒருங்கே கேட்கும் அலைவரிசையின் அகலம் 32 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400 வரை விரிந்தது.

நைந்த ஆடையைக் களைவதுபோல் ஆன்மா உடலைக் களைகிறதென்பது கீதையின் உபமானம். அந்தக் கீதைக்கே ஞானேசுவரர் 1290-இல் மராட்டிய மொழியில் புத்தாடை உடுத்தினார். எதை உபதேசத்தால் திருத்தலாம், எதைக் களைந்தே தீரவேண்டும் என்று பகுத்தறிவதே விவேகம்.

எங்கள் ரூட்டர் இரண்டாம் வகை. வந்தனத்துடன் விடை கொடுத்தோம்.